கலர் வராத படம்

கிடங்கு ஆபீஸில் கேமராப் பதிவைப் போட்டுக் கொடுத்த டிஸ்க், அலமாரியின் மேல்தட்டில், மடித்துவைத்த போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. கொண்டுவந்து அங்கே வைத்தவர் டிரைவர்தான். வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கமே திரும்பாமல் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்லயே போட்டுக் காட்டுறோம்னு சொன்னாங்கல்ல, அங்கயே பாத்துட்டு வந்திருக்கலாமே" என்று மனைவி கேட்டாள்.

"அத்தனை பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பானுங்க, நடுவுல உக்காந்து நான் படம் பாக்கணுமா? சாதாரண டிவிலயே ஓடும்னு கிளார்க் சொல்லியிருக்கான். வீட்டுல பாத்துக்கறேன்."

பார்க்கிறேன் என்றாரே தவிர, பார்க்கவில்லை. வீட்டில் டிஸ்க் போடுகிற பெட்டி இல்லை. அது அவருக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது.

நடந்தது இதுதான். அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் லாரி ஓட்டுகிறவர். அதே கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன் அவர் மனைவியின் தம்பி. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவன் என்பதால் அங்கே அவனுக்கு 'ஸ்பிரிங்' என்று பெயர். வேலை வாங்கிக் கொடுத்ததே டிரைவர்தான். அவர்களுக்குக் கல்யாணமான புதிதிலிருந்து அவன் இந்த வீட்டில்தான் வளர்ந்தான். அக்காவிடம் கேட்கக் கூச்சப்படுகிறதையெல்லாம் மாமாவிடம் கேட்பான். முதல்முதலாகச் சவரம் செய்கிறேன் என்று கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றதும் அவரிடம்தான்.

கிடங்கில் லாரியைப் பின்பக்கமாக ஓட்டிவந்து மேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டும். மேடைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு இரும்புப் பலகையைப் போட்டு, அதன்மேல் தள்ளுவண்டியை உருட்டிச் சரக்கு ஏற்றுவார்கள். ஏற்றி முடிந்ததும் பலகையை எடுத்துவிட்டு, சுவரில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். கதவோரத்தில் சிவப்பாக எரிகிற விளக்கு அப்போது பச்சையாகி, அடுத்த லாரி வருகிறவரை அப்படியே இருக்கும். டிரைவர் பக்கக் கண்ணாடியில் பச்சையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். ஒவ்வொரு மேடைக்கும் இப்படி ஒரு விளக்கு உண்டு.

அன்றைக்கு ஸ்பிரிங் பலகையின்மேல் காலை வைத்த நேரத்தில் லாரி நகர்ந்துவிட்டது. பலகை சரிந்து அவன் இடுக்கில் விழுந்தான். பலகை அவன்மேல் விழுந்தது. தொடை எலும்பும் முழங்காலும் நொறுங்கிப்போய், ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் படுக்கப்போட்டிருந்தார்கள்.

"லைட்டு பச்சையான பிறகுதான் எடுத்தேன்" என்றார் டிரைவர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சூப்பர்வைசர் துருவித் துருவிக் கேட்கக் கேட்க, பேச்சு நீண்டுவிட்டது. "பட்டனை அமுக்கிட்டு, போனை லாரிக்குள்ள வெச்சுட்டேன்னு திரும்பி ஓடியிருப்பான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா?" இந்தப் பேச்சு கிடங்கு முழுக்கச் சுற்றி, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போய்ச் சேர்ந்தது.

"நான் பட்டன் பக்கமே போகலக்கா" என்றான் தம்பி. வேறெதுவும் சொல்லவில்லை. அவள் அம்மாதான் சொன்னாள்: "புருஷன் பேச்சைக் கேட்டுக்கிட்டுக் கூடப் பிறந்தவனைப் பொய்யன்ங்கறவ என் வாசப்படி மிதிக்க வேண்டாம்." அதன்பிறகு அவள் தம்பியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள். போன் செய்தால் எடுப்பதில்லை.

அவள் யாரையும் பொய்யன் என்று சொல்லவில்லை. இரண்டு பேரையும் நம்பினாள். அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது.

திங்கட்கிழமை விசாரணை என்று தகவல் வந்ததும், அதற்கு முன்னால் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புகிற வேலை பார்க்கிறாள். அங்கே, குழந்தைகள் அழாமல் இருக்கட்டும் என்று பொம்மைப்படம் போடுவதற்காக டாக்டரம்மா முன்பு ஒரு டிஸ்க் பிளேயர் வாங்கி வைத்திருந்தார். இப்போது குழந்தைகள் அப்பா அம்மாவின் போனையே பிடுங்கிக்கொள்வதால் அது அலமாரிக்குள் போய்விட்டது. சனிக்கிழமை அதைக் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போ, திரும்பக் கொண்டுவர வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா உங்க வீட்டு டிவி எது? அந்தப் பெரிய பொட்டியா? சேருமா அதுல?"

"சேரும்னுதான் நினைக்கிறேன் மேடம்."

ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு அவள் பிளேயரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது, டிரைவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனால் வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பார்க்கிறேன் என்று சொன்னவர் அவர்தானே.

டிவி அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. பின்னால் பூசணிக்காய் மாதிரி பிதுங்கியிருக்கும். அதை நகர்த்துவதென்றால் யானையைக் குளிப்பாட்டுகிற வேலை. அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்துத் திருப்பினார்கள். பின்பக்கம் விரல் கனத்துக்குத் தூசி. துணியை நனைத்துத் துடைத்ததும், ஆன்டெனா ஓட்டைக்குக் கீழே மஞ்சளில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு துளைகள் தெரிந்தன.

"ஒயர்ல மூணு முனை இருக்கு, இதுல ரெண்டு ஓட்டைதான் இருக்கு" என்றாள். "இந்தச் சிவப்பை எங்க சொருகறது?"

"மஞ்சள் படத்துக்கு, மத்த ரெண்டும் சத்தத்துக்கு. கேமரால சத்தம் ஏது? அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

சொருகியாயிற்று. பிளேயரில் விளக்கு எரிந்தது. டிவியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரே புள்ளிக்கோலம். டிவியின் ரிமோட் என்றைக்கோ தொலைந்துபோனது. டிரைவர் முன்னால் குந்தி உட்கார்ந்து பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். சேனல்களெல்லாம் ஓடினவே தவிர பிளேயர் வரவில்லை.

"ஏத்தறதையே அமுக்கறீங்களே, இறக்கிப் பாருங்க. ஒண்ணாம் நம்பருக்கும் கீழ."

"ஒண்ணுக்குக் கீழ என்ன பாதாளமா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். பாதாளம் இருக்கத்தான் செய்தது. திரை கறுத்து, ஒரு மூலையில் எழுத்து வந்தது. ஆனால் படம் இல்லை. அவள் பிளேயரின் பின்பக்கம் தடவிப் பார்த்தாள். மஞ்சள் முனையைப் பக்கத்துத் துளையில் சொருகியிருந்தாள். சரியான துளையில் மாற்றியதும் பிளேயரின் பெயர் திரையில் மின்னியது. பல நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த நிமிஷமே எதற்காக இதெல்லாம் என்று நினைவு வந்து சிரிப்பு அடங்கிவிட்டது.

பிளேயரின் ரிமோட்டுக்கு பேட்டரி இல்லை. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்ததை எடுத்துப் போட்டாள். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்வைக்கு அடியிலிருந்து டிஸ்க்கை எடுத்துவந்து, தட்டில் வைத்துத் தள்ளிவிட்டுக் கைகட்டி நின்றார்.

படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் வந்தது.

கிடங்கின் முற்றம். எதிர்ச்சுவரில் உயரத்தில் வைத்த கேமரா. வரிசையாக மேடைகள், கதவுகள், ஒவ்வொரு கதவோரத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளியாக விளக்கு. அவர் லாரி வழக்கமாக நிற்கிற மேடையின் இரும்புக்கதவு அன்று பழுது. அதனால் வரிசையின் கடைசி மேடையில் நின்றது. அதற்குப் பக்கத்து மேடை காலியாக இருந்தது. தம்பி உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தான். இரண்டு கால்களும் தரையில் பாவாமல் துள்ளுகிற அதே நடை. பிறகு தள்ளுவண்டியை மேடையில் விட்டுவிட்டு அவன் பலகையின்மேல் காலை வைத்தான். லாரி நகர்ந்தது. சத்தமே இல்லாமல் அவன் மறைந்தான்.

"நிறுத்து" என்றார் டிரைவர்.

நிறுத்தினாள்.

"லைட்டு எரியுது, பாத்தியா?"

"எல்லா லைட்டும்தான் எரியுது. எது சிவப்பு, எது பச்சைன்னு எப்படித் தெரியும்? எல்லாம் வெள்ளையால்ல இருக்கு."

"பச்சைதான் அது. நான் பாத்தேனே."

"கலர் ஏன் வரல?"

"பழைய டிவி. கலர் செத்திருக்கும்."

"நேத்து நியூஸ் கலராத்தானே வந்துச்சு?"

"அப்ப கேமரா அப்படி. விடு. போட்டுப் பாக்கணும்னே, பாத்தாச்சு. கழட்டி வை." குரலில் ஒரு அவசரம் இருந்தது. அதோடு ஒரு நிம்மதியும் இருந்தது; அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வாளியை எடுத்துக்கொண்டு, வண்டியைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று பைக் நிற்கிற கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்விட்டார்.

அவள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கலர் ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். பல் ஆஸ்பத்திரியில் சில டிஸ்க்குகள் போட்டால் இதே மாதிரிதான் கலரில்லாமல் வரும். குழந்தைகள் கத்துவார்கள். டாக்டரம்மா உள்ளேயிருந்து கையுறையோடு எட்டிப்பார்த்து, "மெனுவுக்குப் போய், டிவி சிஸ்டம்னு இருக்கும் பாரு, அதைப் பால்ல வை" என்பார். நம்மூர் டிவிக்கு ஏற்ற கலர் முறைக்கு 'பால்' என்று பெயர். ஒருமுறை காத்திருந்த ஒரு அம்மா, "பால்லயா? பிள்ளைக்குப் பல்லே அதாலதான் சொத்தையாச்சு" என்று சொல்ல, அறையே சிரித்தது. அந்த வேலையை அவளே பலதடவை செய்திருக்கிறாள். கேமரா அப்படி என்று அவர் சொன்னதுமே இது நினைவுக்கு வந்தது; அப்போதே சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போய்விட்டது.

கழற்றி வைத்துவிட்டால் இன்றைய பொழுது போகும். நாளைக்கு எப்படியும் ஆபீஸில் பெரிய திரையில் கலரில் போடத்தான் போகிறார்கள். வருகிறது வரட்டும் என்று விடலாம். ஆனால் கட்டிலில் கிடக்கிறவனுடைய அந்த ஒற்றைப் பேச்சு காதிலேயே நின்றது. பட்டன் பக்கமே போகலக்கா. அதை நம்புவதாக அவள் அவனிடம் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

மெனுவுக்குப் போனாள். பாலில் வைத்தாள். திரை ஒருமுறை சிமிட்டியது. அப்புறம் மேடைச் சுவரில் நீலம் ஏறியது. தம்பியின் சட்டைக்கு அவன் வழக்கமாகப் போடுகிற ஆரஞ்சு வந்தது.

லாரி நின்ற கடைசி மேடையின் விளக்கு சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் காலியாகக் கிடந்த மேடையின் விளக்கு பச்சையாக எரிந்தது.

அவள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மற்ற மேடைகளுக்கெல்லாம் விளக்கு ஒரே பக்கத்தில் இருந்தது. கடைசி மேடையில் மட்டும் அந்த இடத்தில் ஒரு குழாய் ஓடியதால், விளக்கை மறுபக்கம் வைத்திருந்தார்கள். வழக்கமாகப் பார்க்கிற பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தால் பக்கத்து மேடையின் விளக்குதான் தெரியும். அவர் பச்சையைப் பார்த்தது நிஜம். தம்பி பட்டனைத் தொடாததும் நிஜம். போனும் இல்லை, திரும்பி ஓடவும் இல்லை. மேடையில் விட்ட தள்ளுவண்டிக்கு லாரிக்குள் இடம் ஒதுக்கத்தான் அவன் பலகையில் கால் வைத்திருக்கிறான்.

இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. லாரி நின்றது. டிரைவர் குதித்து இறங்கி ஓடிவந்தார். மேடைக்கடியில் வயிறு தரையில் பட ஊர்ந்துபோனார். பலகையை முதுகால் தூக்கினார். மற்றவர்கள் கூடுவதற்குள் தன் சட்டையைக் கழற்றி அந்தக் காலில் சுற்றி இறுக்கினார். பிறகு அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து அவன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். இதை யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கலர் வந்துடுச்சா?"

டிரைவர் ஈரக்கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அவள் படத்தைப் பின்னால் ஓட்டி, லாரி நகர்வதற்கு முன்னால் நிறுத்தினாள். அவர் கிட்டே வந்தார். திரையில் மூக்கு இடிக்கிற தூரத்தில் குந்தி உட்கார்ந்தார். ஈர விரலால் பச்சையைத் தொட்டார்.

"இதைத்தான் பாத்தேன்."

"அது பக்கத்து மேடையோடது."

"தெரியும்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அன்னிக்கே தெரியும்னு இல்ல. ஆனா அன்னிக்கே ஒரு சந்தேகம் தட்டுச்சு. ஆம்புலன்ஸ் போனப்புறம் திரும்பிப் பாக்கறேன், லைட்டு அந்தப் பக்கம் இருக்கு. அதுக்குள்ள சூப்பர்வைசர்கிட்ட பச்சைன்னு வாய் விட்டுட்டேன். விட்டப்புறம் எப்படி மாத்தறது?"

"சந்தேகத்தை மனசுல வெச்சுக்கிட்டா அவன் பட்டனை அமுக்கிட்டு ஓடினான்னு சொன்னீங்க? போனு, கீனுன்னு கதை கட்டினீங்க?"

அவர் பச்சையின்மேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டார்.

"கண்ணு தப்பிப் போச்சுன்னா அது வேற. யாருக்கும் வரும். அவனைப் பொய்யனாக்கினது வேற. அவன் உங்க மடியில வளர்ந்தவன். அங்க கால் போய்க் கிடக்கான், இங்க நீங்க அவன் பேரையும் கெடுத்துட்டு வந்து படத்தைப் போர்வைக்கடியில ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

"வேலை போயிடும்னு பயம்."

"எனக்கு மட்டும் பயமில்லையா?" அவள் குரல் உடைந்தது. "எங்கம்மா என் போனை எடுக்கறதில்ல. தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சும் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே!"

அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அவள் தேற்றவில்லை. தேற்ற மனமும் வரவில்லை, விட்டுவிட்டு எழுந்துபோகவும் மனம் வரவில்லை. பிளேயரை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டு, அவங்க வாயால அவனுக்குத் தெரியக் கூடாது. நீங்க போய்ச் சொல்லணும். இப்பவே."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான். வேற எங்க போய் வாங்கறது?"

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் கூட்டம். மருமகனைக் கண்டதும் அவள் அம்மா விருட்டென்று எழுந்தாள். இந்தத் தடவை வராந்தாவுக்குப் போகவில்லை. மகனை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்தீங்க?"

"அத்தை, நீங்களும் கேளுங்க" என்றார் டிரைவர். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது அவர் முகத்திலேயே தெரிந்தது. "மச்சான், லைட்டு சிவப்புதான். நான் பக்கத்து மேடை லைட்டைப் பாத்து எடுத்துட்டேன். நீ பட்டனைத் தொடல. படத்துல இருக்கு. நாளைக்கு ஆபீஸ்லயும் இதையேதான் சொல்லப்போறேன்."

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"படத்துல இல்லேன்னா சொல்லியிருப்பீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியல" என்றார் டிரைவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனுஷன் என்றிருந்தது. ஆனால் தம்பி அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் கட்டிலருகே குனிந்து அவன் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். "நீ பொய் சொல்ல மாட்டேன்னு நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்டா" என்றாள் காதோடு. அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் விரலை மட்டும் ஒருதரம் பிடித்து விட்டான்.

திங்கட்கிழமை டிரைவர் சொன்னபடியே சொன்னார். ஆபீஸில் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். கடைசி மேடையில் விளக்கை மறுபக்கம் வைத்ததற்கும் யாரோ பதில் சொல்ல வேண்டும் என்று எழுந்த பேச்சு, வழக்கம்போல மேலிடம்வரை போய்த் திரும்பி வந்தது. ஸ்பிரிங்குக்கு வைத்தியச் செலவும், நடக்கிறவரைக்கும் சம்பளமும் என்று முடிவானது. டிரைவரிடமிருந்து லாரியை எடுத்துக்கொண்டு, டயர் மாற்றுகிற கொட்டகையில் போட்டார்கள். அவர் அதைப்பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கையில் கறுப்பு ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் வந்து சாப்பாட்டுக்கு உட்காருவார். அவளும் அவரும் வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். அம்மா போனை எடுக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்க மாட்டாள்.

கட்டுப் பிரித்து, தம்பிக்கு நடைப்பயிற்சி ஆரம்பித்த நாளில் அவள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தாள். நீளமான அறை, கடைசியில் ஒரு ஜன்னல். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பிகள். பயிற்சி கொடுக்கிற பெண் அவன் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டினாள்.

"பின்னால யாராவது இந்த பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டே கூட வரணும். நல்ல வலுவான ஆளா வேணும். விழப் பாத்தா தாங்கணும். யார் வர்றீங்க?"

அம்மா முன்னால் வந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அக்கா முன்னால் வந்தாள். "உங்களால முடியாதுங்க, பையன் கனமா இருக்காரு."

டிரைவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு நடுவே வந்திருந்தார். வழக்கமாக அப்படித்தான் வருவார். வாசலோடு நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, திரும்பாமலே சொன்னான்: "அவர் நிக்கறாரு பாருங்க. அவரை வரச் சொல்லுங்க."

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டயர்க்கறை படிந்த கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பெல்ட்டைப் பிடித்தார். தம்பி முதல் அடி வைத்தான். முகம் வலியில் கோணியது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொரு அடி வைக்கும்போது கால் மடங்கி, உடம்பு மொத்தமும் பின்னால் சாய்ந்தது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கி நிறுத்தினார்.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"போதுமா?" என்று கேட்டாள் பயிற்சிக்காரி.

"ஜன்னல்வரைக்கும் போயிடறேன்" என்றான் தம்பி.